கொக்கு சாதா, பூநாரை ஸ்பெஷலா?

போன ஞாயிற்றுக்கிழமை நானும் பறவை பார்க்கப் போனேன். சிரிக்காதீங்க. பொறந்ததிலிருந்து கழனியிலேயே கிடக்கிற ஒருத்தன், பறவை பார்க்கிறதுக்காகக் கார் ஏறிப் பழவேற்காடு போறான் என்றால் எங்க தெருவிலேயும் சிரிக்கத்தான் செய்தார்கள். "ஏன், நம்ம ஏரியில இருக்கிறதெல்லாம் பறவை இல்லையா?" என்று டீக்கடையில் ஒருத்தர் கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்டது. திரும்பி வந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வராததுக்கு அந்தக் கேள்விதான் காரணம்.

சென்னையில் வேலை பார்க்கும் என் தங்கச்சி மகன் மூன்று சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை ராத்திரியே வந்துவிட்டான். ஆளுக்கொரு பைனாகுலர். ரெண்டு பேரிடம் என் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த கேமரா. "மாமா, காலையில பழவேற்காடு போறோம். ஃப்ளெமிங்கோ சீசன். நீங்களும் வாங்க" என்றான். தை மாசம். சம்பா அறுத்தாச்சு. நவரைக்குச் சேடை ஓட்டி வைத்திருக்கிறேன், நடவுக்கு ஆள் செவ்வாய்க்கிழமைதான் வரும். சரி, ஒரு நாள்தானே என்று கிளம்பினேன்.

அஞ்சரைக்குக் கிளம்பணும் என்றவர்கள் கிளம்பும்போது ஆறரை. பனி இன்னும் விலகவில்லை. வாசலுக்கு எதிரேயே என் கழனி. சேத்துத் தண்ணியில் முப்பது நாற்பது கொக்கு, வரப்போரமாக மடையான், நடுவில் நாலு நத்தைகுத்தி நாரை. "இந்தாங்கடா, இங்கேயே ஆரம்பிங்க" என்றேன். ஒரு பையன் பைனாகுலரைக் கண்ணில் வைத்தான். ரெண்டு செகண்டுதான். "இதெல்லாம் காமன், அங்கிள்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டான்.

காமன். அதாவது சாதா. என் சண்டை அந்த வார்த்தையோடுதான்.

நத்தைகுத்தி நாரையின் அலகைப் பார்த்திருக்கிறீர்களா? மேலலகும் கீழலகும் நடுவில் சேராது, ஒரு இடைவெளி இருக்கும். நத்தையைப் பிடித்துத் தின்பதற்கென்றே அமைந்த அலகு அது. நட்ட பத்தாம் நாள் நாத்தை நத்தை தின்று தீர்க்கும்போது, அந்த நாரை வந்து இறங்கினால் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொன்னால் உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை. மடையான் மடைவாயில் தவம் கிடந்து வரப்பை ஓட்டை போடுகிற நண்டைப் பிடிக்கிறது. டிராக்டர் பின்னாலேயே நடக்கிற கொக்கு, மண் புரண்டதும் வெளியே வர்ற புழுவைப் பொறுக்குகிறது. இவை எங்க கூலியாட்கள். கூலி கேட்காத ஆட்கள். ஒரு பறவை மனுசனோடு சேர்ந்து பிழைத்தால் அது சாதா. மனுசனிடமிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் ஸ்பெஷல். நகரத்துக் கணக்கு இப்படித்தான் ஓடுகிறது போல.

பெரியபாளையம், ஆரணி, புதுவாயல், பொன்னேரி என்று கார் போகிறது. ஆரணி ஆறும் பக்கத்தில்தான் எங்கோ எங்களோடு வருகிறது. நாலு பேரில் ஒருத்தரும் அது எங்கே என்று கேட்கவில்லை. ஆந்திராவில் நாகலாபுரம் பக்கத்து மலையில் பிறந்து, பிச்சாட்டூர் அணையில் தேங்கி, சுருட்டப்பள்ளி தாண்டி ஊத்துக்கோட்டையில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, எங்க பவானி அம்மன் கோயிலைத் தொட்டு, பொன்னேரி லட்சுமிபுரம் அணையைக் கடந்து, கடைசியில் போய்ச் சேர்கிற இடம் பழவேற்காடு ஏரி. நாங்க பார்க்கப் போகிற அதே ஏரி. பூநாரை நிற்கிற தண்ணியில் ஒரு பங்கு எங்க ஊர் வழியாகப் போனது என்று சொன்னேன். "அப்படியா மாமா?" என்றான் தங்கச்சி மகன். மற்றவர்கள் போனில் இருந்தார்கள்.

பழவேற்காடு போய் இறங்கியதும், சத்தியமாகச் சொல்கிறேன், நானும் வாய் பிளந்துதான் நின்றேன். நம்ம நாட்டின் உப்பங்கழி ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்கோடிதான் நம்முடையது. பனி கலைய கலையத் தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அந்தக் கோடு நடந்தது. அத்தனையும் பூநாரை. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணியில் விட்டு அலசி அலசி மேய்கிறது. அது தின்கிற பாசியிலும் குட்டி இறாலிலும் இருக்கிற சத்துதான் அதன் சிவப்பு நிறம் என்று பையன்கள் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குத் தெரியாது. கற்றுக்கொண்டேன். கூழைக்கடா கூட்டம், ஊசிவால் வாத்து, உள்ளான், ஆலா என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். உள்ளானில் பல சாதி, மத்திய ஆசியாவுக்கும் வடக்கேயிருந்து பறந்து வருகிறதாம். கை அகலம்கூட இல்லாத பறவை. கும்பிடத் தோன்றியது.

அப்புறம்தான் அந்த விஷயம் நடந்தது.

பூநாரை ரொம்பத் தூரம். லென்ஸுக்கு எட்டினாலும் படம் தெளிவாக இல்லை. கரையோரம் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு மீனவரிடம் ஒரு பையன் போய், "அண்ணா, போட்டை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கமாப் போய் ஒரு தடவை கிளப்பி விடுங்க. பறக்கிற மாதிரி ஒரு ஷாட் வேணும். 500 ரூபா தர்றேன்" என்றான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது மேயுற நேரம் சார். கிளப்பினா பாவம்" என்று சொல்லிவிட்டு வலையை உதறினார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். காருக்குத் திரும்பும்போது அதே பையன் சொல்கிறான்: "இந்த வலை, போட், இவங்க சத்தம் எல்லாம் இல்லேன்னா பறவைங்க இன்னும் பக்கத்துல வரும். சரணாலயம்னா உள்ள மீன் பிடிக்கவே விடக்கூடாது."

வீட்டுக்கு விருந்தாளி. வாயை மூடிக்கொண்டு வந்தேன். இப்போது சொல்கிறேன்.

தம்பி, தமிழ்நாட்டுப் பக்கம் அந்த ஏரி சரணாலயம் ஆனது 1980-ல். டச்சுக்காரன் வந்து கெல்ட்ரியா கோட்டை கட்டினது 1613-ல். அவனுக்கும் முன்னாலிருந்து அங்கே வலை இருக்கிறது. அந்த மீனவர்களுக்குள்ளே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒருத்தனே அள்ளிக்கொண்டு போக முடியாது. நாம் போனபோது இடுப்பளவுத் தண்ணியில் இருளர் ஆயா ஒருத்தர் கையால் தடவித் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்த பறிக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தாரே, கவனித்தாயா? அவருக்குப் பத்தடி தள்ளி உள்ளான் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. பறவை யாருக்குப் பயப்படணும் யாருக்குப் பயப்பட வேண்டாம் என்று பறவைக்குத் தெரிகிறது. உனக்குத்தான் தெரியவில்லை. காலையிலிருந்து அந்தப் பூநாரைக் கூட்டத்தைக் கலைக்க நினைத்த ஒரே ஆள், கேமரா வைத்திருந்த நீதான்.

சரி, இது ஒரு பையனின் அறியாமை என்று விட்டுவிடலாம். ஆனால் இந்த எண்ணம் அவன் ஒருத்தனுடையது இல்லை. பறவையை மனுசனிடமிருந்து பிரித்து, வேலி போட்டு, டிக்கெட் வைத்துவிட்டால் பறவை பிழைத்துவிடும் என்று படித்தவர்கள் நிறையப் பேர் நம்புகிறார்கள். அந்த ஏரி எப்படி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தால் அப்படி நம்ப மாட்டார்கள்.

பழவேற்காடு ஏரி சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்தான். அதனால்தான் பூநாரை அங்கே நடக்க முடிகிறது. மழைக்காலத்தில் ஆறுகள் நல்ல தண்ணியைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உப்பையும் மீன் குஞ்சையும் இறாலையும் கொண்டுவருகிறது. இந்த ரெண்டும் கலக்கிற கலவையில்தான் ஏரியின் உயிர். ஆற்றில் தண்ணி குறைந்தால் முகத்துவாரத்தைத் திறந்து வைக்க உந்துதல் இல்லை, மணல் மேடு அடைத்துக்கொள்கிறது. முகத்துவாரம் அடைத்தால் இறால் உள்ளே வராது. இறால் இல்லை என்றால் மீனவனும் இல்லை, பறவையும் இல்லை. மீனவர்கள் எத்தனை தடவை அந்த மணலை வெட்டித் திறந்துவிடச் சொல்லி நடையாய் நடந்திருக்கிறார்கள்! மனு கொடுத்த அந்தக் கை மீனுக்காகக் கொடுத்தது. பலன் பூநாரைக்கும் சேர்த்துத்தான்.

அப்போ ஆற்றுத் தண்ணி எங்கே போச்சு?

இங்கேதான் நானும் கூண்டில் ஏறவேண்டும். எங்க ஆற்றில் மணல் இருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. ஆடி மாசம் அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்ட வருகிற சனம், ஆற்று மணலில் கையால் ஊத்துத் தோண்டித் தண்ணி மொண்டு பொங்கல் வைக்கும். இப்போது அந்த இடத்தில் கருவேலமும், கோயிலுக்கு வந்தவர்கள் விட்டுப்போன பிளாஸ்டிக்கும், எங்க ஊர்ச் சாக்கடையும்தான். மணல் லாரி லாரியாகப் போனபோது தடுக்காதவர்களில் நானும் ஒருத்தன். அந்த மணல் எங்கே போச்சு? உங்கள் அபார்ட்மென்ட் சுவரில் தட்டிப் பாருங்கள்.

நிலத்தடித் தண்ணியும் அப்படித்தான். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், எங்களுக்குப் பக்கத்துக் கன்னிகைப்பேர் என்று எங்க ஆரணியாறு கொசஸ்தலையாறு நிலத்தடியில்தான் சென்னைக்குக் குழாய்க் கிணறுகள் தோண்டினார்கள். பல பத்து வருஷம் உறிஞ்சியதில் மீஞ்சூர்ப் பக்கம் கடல் தண்ணி நிலத்துக்கு அடியில் பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. நெல் விளைந்த கிணறு உப்புக் கரித்தது. 2019 கோடையில் சென்னையின் நாலு ஏரியும் வறண்டபோது தண்ணி லாரிகள் எங்க ஊர்களுக்குள் வந்து நின்றன. நானும் விற்றேன். மறைக்கவில்லை. பொண்ணு கல்யாணக் கடன் இருந்தது, பயிர் வைத்தால் கிடைப்பதைவிடத் தண்ணி வித்தால் அதிகம் கிடைத்தது. அந்த ஐப்பசியில் போர் மோட்டாரை நாற்பது அடி கீழே இறக்கினேன். அந்த வருஷம் எங்க ஏரிக்கு நத்தைகுத்தி நாரை வரவில்லை. அதே மாதிரி, குருணை மருந்தைக் கை நிறைய அள்ளிப் போட்ட வருஷங்களில் கழனியில் தவளைச் சத்தமே நின்றுபோனது. தவளை போனதும் கொக்கு போனது. மருந்தைக் குறைத்து மூணு போகம் கழித்துத்தான் திரும்ப வந்தது. அதனால் பறவை பற்றி ஒழுக்கம் பேச எனக்குப் பெரிய யோக்கியதை இல்லை. ஆனால் என் தப்பு எனக்குத் தெரியும். குழாயைத் திறந்து குளித்துவிட்டுக் காரேறி வந்து, "மீனவன்தான் தொல்லை" என்று சொல்பவருக்கு அவர் தப்பு தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி கடல் பக்கம். மெரினா ஏன் அவ்வளவு அகலம், ராயபுரம் பக்கம் ஏன் கல்லைக் கொட்டிக் கரையைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது? ரெண்டுக்கும் ஒரே காரணம், சென்னைத் துறைமுகம். நம்ம கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். நடுவில் கல்லைப் போட்டு மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். நூறு வருஷத்துக்கு மேலாக உங்கள் கண் முன்னாலேயே இருக்கிற பாடம் இது. இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராகப் பெருக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்கு நேர் வடக்கே என்ன இருக்கிறது? கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே ஒடுங்கலான ஒரு மணல் திட்டு. அதற்கும் வடக்கே பழவேற்காடு. அந்தத் திட்டு கரைந்தால் ஏரி என்று தனியாக ஒன்று இருக்காது. அப்போது எந்தச் சரணாலயத்துக்கு வேலி போடுவீர்கள்?

2021 ஜனவரி 22-ம் தேதி இதற்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள், தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5-ம் தேதி மறுபடி வைத்தார்கள், மறுபடி தள்ளிப்போனது. சும்மா தள்ளிப்போகவில்லை. அந்தக் குப்பத்து மீனவர்களும் பொம்பளைகளும் ஊர் ஊராகப் போய்க் கத்தியதால் தள்ளிப்போனது. நகரத்திலிருந்து சில பேர் கூட நின்றார்கள், அவர்களுக்கு என் கும்பிடு. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, உடம்பெல்லாம் கறுப்பு அப்பின கூழைக்கடாக்களின் படம் உங்கள் எல்லோர் போனிலும் வந்ததே. படகில் போய் வாளியாலும் வெறுங்கையாலும் அந்த எண்ணெயை அள்ளியது யார்? பறவைக்குத் தொல்லை என்று நீங்கள் சொல்கிற அதே மீனவர்கள்தான்.

நான் வளர்ச்சிக்கு எதிரி இல்லை. என் பெரிய பையன் கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறான், அந்தச் சம்பளத்தில்தான் போன வருஷம் உரம் வாங்கினேன். ஃபாக்டரி வேண்டாம் என்று சொல்கிற வசதி எனக்குக் கிடையாது. ஆனால் எந்த இடத்தில், எந்தத் தண்ணியில் என்று கேட்கிற உரிமை உண்டு.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் எல்லோருக்கும் தெரியும். அந்த ஏரிப் பறவைகளைக் காப்பாற்றத் தொடங்கியது வனத்துறை இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று அந்த ஊர்க் குடியானவர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டுச் சுடக்கூடாது என்று கவுல் எழுதி வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். ஏன்? பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி பாய்ந்தால் நெல் நன்றாக விளையும். சுயநலம்தான். அந்தச் சுயநலம்தான் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பறவையைக் காப்பாற்றியிருக்கிறது. பறவையால் பிழைக்கிறவன் பக்கத்தில் இருக்கும்வரை பறவைக்குக் காவல் உண்டு. அவனைத் துரத்திவிட்டால், அடுத்த நாள் அந்த இடத்தைக் கேட்டு வருகிறவனைத் தடுக்க அங்கே ஆள் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற கேமராவால் திங்கட்கிழமை வருகிற ஜேசிபியை நிறுத்த முடியாது.

திரும்பி வரும் வழியில் இன்னொன்று நடந்தது. புதுவாயல் தாண்டி ரோட்டோரம் கலர் கலராகக் கொடி நட்டு ஒரு மனைப்பிரிவு. அதே பையன் கேட்டான், "அங்கிள், இங்க சதுர அடி என்ன ரேட் போகுது?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடம் பத்து வருஷம் முன்னால் ஏரிப் பாசனக் கழனி. காலையில் அவன் சாதா என்று தள்ளிய கொக்கு மேய்ந்த இடம். "ரேட் தெரியாது தம்பி, மழை பெய்தால் எவ்வளவு தண்ணி நிற்கும்னு வேணும்னா சொல்றேன்" என்றேன். அதன் பிறகு காரில் யாரும் பேசவில்லை.

உங்களை வரவேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாங்க. அந்தப் பையன்களுக்குத் தெரிந்த பறவைப் பெயரில் பாதி எனக்குத் தெரியாது. அந்தக் கண்ணும் அந்தப் படிப்பும் எங்களுக்கும் வேண்டும். ஆனால் தை மாசம் மட்டும் வராதீங்க. ஒரு தடவை வைகாசியில் வாங்க, ஆறு எப்படிக் கிடக்கிறது என்று ஊத்துக்கோட்டையிலிருந்து நடந்து பாருங்கள். அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நோட்டீஸ் வந்தால் அன்றைக்கு லீவு போட்டு வாங்க, உங்கள் பறவைப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வாங்க. வருஷ வருஷமாக நீங்கள் எழுதி வைத்த கணக்கு அங்கேதான் உதவும். மனை வாங்கும் முன்னால் அது எந்த ஏரியின் பாசனம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கரையில் வலை உதறுகிறவரைப் பார்த்தால் படத்துக்குக் குறுக்கே நிற்கிற ஆளாக நினைக்காமல், "முகத்துவாரம் திறந்திருக்கா அண்ணா?" என்று விசாரியுங்கள். அவர் சொல்லும் பதிலில் பூநாரையின் எதிர்காலம் இருக்கிறது.

ராத்திரி தங்கச்சி மகன் அன்றைய பட்டியலை ஈபேர்டில் ஏற்றிவிட்டு எனக்கும் அனுப்பியிருந்தான். மொத்தம் 38 இனம். மேலிருந்து கீழே ரெண்டு தடவை படித்தேன். எங்க கழனிக் கொக்கும் மடையானும் அதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை நடவு. நாத்துக் கட்டு விழுந்த இடமெல்லாம் கொக்கு இறங்கியது. எண்ணிப் பார்த்தேன். அறுபத்து மூணு. டேய், முடிஞ்சா இதையும் எழுதிக்கோ.